வெயிலில் திறக்கும் பூச்சிமருந்து: 32 டிகிரி நமக்கு ஒத்துவராது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெயில் பட்டால் மட்டும் பூச்சிமருந்தைக் கசியவிடும் நுண்பொதிகள் (மருந்தை உள்ளடக்கிய, கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகள்) பற்றிய ஆய்வுகள் பெருகிவருகின்றன. மனமார வரவேற்கிறோம். ஆனால், அவை நம் வயலுக்கு வருமுன் ஓர் எண்ணைத் திருத்தியாக வேண்டும்: அவை திறக்கும் 32 டிகிரி.

இவற்றில் ஒரு வகை, பாலிடோபமைன் என்னும் கறுப்புப் பூச்சால் வெயிலை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் பாலி ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்னும் பாலிமர் சுருங்கி, உள்ளிருக்கும் மருந்தைப் பிதுக்கித் தள்ளுகிறது. இது சுருங்கத் தொடங்குவது ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில். குளிர்நாட்டில் அது வெயிலின் அடையாளமாக இருக்கலாம். சித்திரையில் மதுரையிலும் திருச்சியிலும் நிழலிலேயே 38 டிகிரியைத் தொடுகிறதே! தகரக் கூரைக் கிடங்கில் நீர்மமாக வைத்தால், வயலுக்குப் போகுமுன் பாட்டிலுக்குள்ளேயே மருந்து கசிந்துவிடும்.

அந்தப் பாலிமரில் அக்ரிலமைடு போன்ற நீர்விரும்பி மூலக்கூறைச் சேர்த்தால் இந்த வரம்பு உயரும். அதிலும் ஒரு சிக்கல். நீர் பாய்ந்த பயிரின் இலை, நீராவியை வெளிவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். மெல்லிய பொதியின் சூட்டையும் அதுவே வாங்கிக்கொள்ளும். வரம்பை மிக உயர்த்தினால் உச்சிவெயிலிலும் பொதி திறக்காது. சித்திரையிலும் ஐப்பசியிலும் வயலில் இலையின் வெப்பத்தை அளந்த பிறகே எண்ணை முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொரு வகையில், கூமரின் போன்ற பொருளோடு மருந்தை வேதிப்பிணைப்பால் பூட்டிவிடுகிறார்கள். புற ஊதா ஒளி பட்டால் பூட்டு அறும். தரைக்கு வரும் வெயிலின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதமே. அதிலும் பெரும்பகுதியை இலையின் மேல்தோல் தடுத்துவிடும். வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் இருப்பதோ இலையின் அடிப்பக்கம். ஆய்வகத்தில் 365 நானோமீட்டர் விளக்கின் கீழ் கிடைத்த முடிவை அடியிலைக்கு அப்படியே பொருத்த முடியாது.

கடைகளில் இப்போது 'சி.எஸ்.' (நீரில் மிதக்கும் நுண்பொதிகள்) என்று கிடைக்கும் லாம்ப்டா சைஹாலோத்ரின் 4.9 சதவீதமும் நுண்பொதி மருந்துதான், வெயிலுக்குத் திறப்பதல்ல.

வெயிலே பகையாகும் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு இன்றே வழி உண்டு. 3 மாதம் கடந்த, 8 மாதம் தாண்டாத கொட்டையின் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். பால்போல வெளுக்கும்வரை கலக்கி, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து அன்றே தெளிக்க வேண்டும். மாலை 3.30 மணிக்குப் பிறகு அடிப்பதே முக்கியம். காலையில் அடித்தால், வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருளான அசாடிராக்டினைப் புற ஊதா ஒளி அன்றைக்கே சிதைக்கத் தொடங்கிவிடும்.

மெல்லக் கசியும் மருந்து, காயிலும் கீரையிலும் அதிக நாள் தங்கும். மேகம் மூடிய கார்த்திகையில் இன்னும் தங்கும். ஆகவே, மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் இத்தகைய மருந்துக்குப் பதிவு தரும்போது, அறுவடைக்கு முந்தைய காத்திருப்புக் காலத்தைக் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் தனித்தனியாக நிர்ணயித்து, லேபிளில் தமிழிலும் அச்சிடச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்