உத்தரவாதக் காலத்தில் ஒடிந்த தூண்டில் ராடு குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, தூண்டில் கருவி விற்பனை நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: 12 அடி கடல் தூண்டில் ராடு ஒடிந்தது; மாற்றித் தர மறுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மாதம் உங்கள் கோவைக் கடையில் ரூ.6,800 கொடுத்து நான் வாங்கிய ராடு, பொன்னானிக் கடற்கரையில் முதல் நாளிலேயே ஒடிந்துவிட்டது. ஓராண்டு உத்தரவாதம் இருந்தும், ஓங்கி வீசியதால்தான் ஒடிந்தது என்று கூறி உங்கள் பணியாளர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று நான் கோத்த இரை, மட்டி எனும் சிப்பியின் சதை. அதில் கெட்டியானது நாக்குப் போல நீண்டிருக்கும் கால் மட்டுமே. மற்றதெல்லாம் கையிலேயே பிய்ந்துவரும். அந்த நாக்கில் தூண்டில் முள்ளை இருமுறை ஏற்றி, மெல்லிய மீள்நூலால் சுற்றிக் கட்டிய பிறகும், வேகமாக வீசினால் முள் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமுமாகப் போய்விடும். ஓங்கி வீசவேண்டிய தேவையும் இல்லை. கிழங்கான் போன்ற மீன்கள் கரையை ஒட்டிய பள்ளத்திலேயே, அலை கிளறிவிடும் மணலில் இரை பொறுக்கும். ராடுடன் நீங்கள் தந்த கையேடும், கலிபோர்னியக் கரையில் சர்ஃப் பெர்ச் மீனை மட்டி இரை வைத்துக் கரையோரத்திலேயே பிடிப்பதைத்தான் படத்துடன் காட்டுகிறது. நான் கட்டிய ஈயக்குண்டு 60 கிராம். வீசத் தாங்கும் எடை என்று ராடில் அச்சிட்டிருப்பதோ 80 முதல் 150 கிராம். என் வீச்சு முப்பது காலடியைத் தாண்டவில்லை.

ஒடிந்த வாயைப் பாருங்கள். குழாயின் சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் காகிதம்போல் மெலிந்தும் இருக்கிறது. மெலிந்த பக்கத்தில் பசை ஏறாத நார் நக அகலத்துக்கு உரிந்து நிற்கிறது. இது தயாரிப்புக் குறையே.

“ஈரோட்டுப் பக்கத்துக்காரருக்குக் கடல் தூண்டில் எதற்கு?” என்று உங்கள் பணியாளர் கேட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. கொடிவேரிக்குக் கீழே பவானி ஆற்றில், மூங்கில் கழியும் மண்புழுவுமாக என் தந்தை கற்றுக்கொடுத்த நாள்முதல் நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் போட்டுவருகிறேன்.

15 நாட்களுக்குள் வேறு ராடு தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவேண்டும். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி, நான் வசிக்கும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடுவேன். ரசீது நகலும் படங்களும் இணைத்துள்ளேன். ஒடிந்த துண்டுகளை நேரில் கொண்டுவரவும் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்