சரணடையப் பிறந்தவர்களா?

புதுச்சேரி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள், வெயிலில் அலையாதே. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குக் காரைக்காலுக்கு மாற்றல் ஆகிவிட்டது. பேத்தி எங்களோடு தங்கிப் பன்னிரண்டாவது படிக்கிறாள், வீடு கலகலப்பாக இருக்கிறது.

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். பேரன் கைப்பேசியில் காட்டிய கேலிப் பட்டியலைப் படித்துவிட்டு, "பிரெஞ்சுக்காரன் வெள்ளைக் கொடியோடு பிறந்தவன், நெப்போலியனைக் கழித்தால் அவர்களுக்கு வெற்றியே கிடையாது" என்று எழுதியிருக்கிறாய். பிரெஞ்சு வாசனை அடிக்கிற ஊரில் இருக்கிறாயே, மறுத்துச் சொல் பார்ப்போம் என்றும் கேட்டிருக்கிறாய். மறுக்கிறேன். ஊர்ப்பாசம் காரணமில்லை. லட்சக்கணக்கில் செத்துப்போனவர்களைப் பற்றி இப்படி ஒரு பேச்சு உலவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் இந்தக் கேலி எப்போது பெருகியது என்று பார். 2003 பிப்ரவரியில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தொமினிக் தெ வில்பேன் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் இராக் போரை எதிர்த்துப் பேசினார். அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்ற உணவகத்தில் பிரெஞ்சு ஃப்ரைஸுக்கு 'சுதந்திர ஃப்ரைஸ்' என்று பெயர் மாற்றினார்கள். 1995-இல் ஒரு அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வந்த 'சரணடையும் குரங்குகள்' என்ற வசைச்சொல் அப்போதுதான் பத்திரிகைத் தலையங்கம் வரை ஏறியது. போருக்கு வரமாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு நாட்டுக்குக் கோழைப் பட்டம் கொடுத்தார்கள். இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் எதுவும் கிடைக்கவில்லை என்பது உனக்கும் தெரியும்.

அமெரிக்கர்களிடமிருந்து இந்தப் பேச்சு வருவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில், 1781-இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தாரே, அந்த வெற்றி யாருடையது? செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடா வாயிலில் பிரெஞ்சு அட்மிரல் தெ கிராஸின் கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படையைத் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால் கார்ன்வாலிஸ் கப்பலேறித் தப்பியிருப்பார். கரையில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ரோஷாம்போவின் பிரெஞ்சுப் படை நின்றது. மாலுமிகளையும் சேர்த்தால் அந்த முற்றுகையில் அமெரிக்கர்களைவிட பிரெஞ்சுக்காரர்கள்தான் அதிகம்.

இனி 1940, இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் ஆறே வாரத்தில் ஜெர்மனியிடம் தோற்ற ஆண்டு. கேலி முழுவதும் அந்த ஆறு வாரத்தின் மேல்தான் நிற்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

மே 10 அன்று ஜெர்மனி தாக்கியது. முக்கியத் தாக்குதல் 1914 போல பெல்ஜியம் வழியாகத்தான் வரும் என்று பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமலேன் நம்பினார். தன்னிடமிருந்த சிறந்த படைகளை வடக்கே அனுப்பினார். சேமிப்புப் படையாக ரேம்ஸ் பக்கம் வைத்திருக்க வேண்டிய ஏழாம் ராணுவத்தைக்கூட ஹாலந்தின் பிரேதா வரை ஓடவிட்டார். வாசலில் சத்தம் கேட்டு வீட்டிலிருந்த அத்தனை பேரும் வாசலுக்கு ஓட, திருடன் கொல்லைக்கதவைத் திறந்த கதையாகிவிட்டது. ஆர்தென் காட்டுக்குள் புகுந்த ஜெர்மன் டாங்குகள் மே 13 அன்று செடானில் மியூஸ் ஆற்றைக் கடந்தன. அங்கே காவலுக்கு நின்ற 55-ஆவது டிவிஷனில் பெரும்பாலோர் வயது கூடிய, பயிற்சி குறைந்த ரிசர்வ் ஆட்கள். மணிக்கணக்கில் தலைமேல் குண்டு விழுந்தது. அன்று மாலை புல்சோன் பக்கம் பீதி பரவி ஓடியது உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் அதே நாட்களில் மற்ற இடங்களில் என்ன நடந்தது? பெல்ஜியத்தில் அன்னுய் அருகே மே 12 முதல் 14 வரை ஜெனரல் பிரியூவின் டாங்குப் படை, ஜெர்மன் தளபதி ஹோப்னரின் இரண்டு பான்சர் (டாங்கு) டிவிஷன்களை எதிர்த்து நின்றது. அதற்கு முன் அவ்வளவு பெரிய டாங்குச் சண்டையை உலகம் பார்த்ததில்லை. மே 14, 15 ஆகிய இரண்டு நாள் ழாம்ப்லூவில் பிரெஞ்சு ராணுவத்தின் மொராக்கோ டிவிஷன் அதே பான்சர்களைத் தடுத்து நிறுத்தியது. செடானுக்குத் தெற்கே ஸ்தோன் என்று ஒரு சின்ன கிராமம். சில நாட்களுக்குள் பதினேழு முறை கைமாறியது. மே 16 அன்று கேப்டன் பியேர் பியோத் ஒற்றை பி1 டாங்கோடு அந்தக் கிராமத்துக்குள் புகுந்து பதின்மூன்று ஜெர்மன் டாங்குகளை அழித்தார். அவர் டாங்கின் மேல் நூறுக்கும் அதிகமான அடிகள் விழுந்திருந்தன, ஒன்றுகூட உள்ளே துளைக்கவில்லை. இவர்களைத்தானா வெள்ளைக்கொடிக்காரர்கள் என்கிறாய்?

டன்கிர்க் துறைமுகத்திலிருந்து படைகள் கப்பலேறித் தப்பியதை பிரிட்டிஷ் அதிசயம் என்று பள்ளியிலேயே படித்தோம். 3,38,000 பேர் தப்பினார்கள். அவர்கள் தப்பும்வரை ஜெர்மானியர்களை யார் பிடித்து வைத்திருந்தது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. லீல் நகரில் ஜெனரல் மொலினியேவின் கீழ் சுமார் 40,000 பிரெஞ்சு வீரர்கள் முற்றுகைக்குள் சிக்கியும் மே கடைசி வரை சண்டை போட்டார்கள். ஏழு ஜெர்மன் டிவிஷன்கள் கடற்கரைப் பக்கம் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டன. குண்டு தீர்ந்து சரணடைந்தபோது, ஆயுதத்தோடு நகரச் சதுக்கத்தில் அணிவகுத்துப் போக ஜெர்மன் தளபதியே அனுமதித்து மரியாதை செய்தார். எதிரியே கொடுத்த மரியாதையை எண்பது வருஷம் கழித்து நாம் பறிக்கிறோம்.

"பதினெட்டு லட்சம் பேர் கைதானார்களே" என்று நீ கேட்பாய். ஜூன் 17 அன்று புதிய பிரதமர் பெத்தேன் வானொலியில் சண்டையை நிறுத்தியாக வேண்டும் என்று அறிவித்தார். அப்போது போர்நிறுத்தம் கையெழுத்தாகவில்லை, அது 22-ஆம் தேதிதான். போர் முடிந்தது என்று நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களை ஜெர்மானியர்கள் கூட்டங்கூட்டமாகப் பிடித்தார்கள். கைதிகளில் பெரும் பகுதியினர் அந்த நாட்களில் பிடிபட்டவர்கள். ஆறு வாரத்தில் பிரெஞ்சுப் பக்கம் செத்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஜெர்மன் பக்கமும் 27,000-க்குக் குறையாது. சண்டையே போடாதவர்கள் அத்தனை பேரைக் கொல்லவும் முடியாது, அத்தனை பேரைப் பலிகொடுக்கவும் மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் தோற்றார்கள்? என் முடிவு இதுதான்: தலைமை தோற்றது. வான்சேன் கோட்டையில் கமலேனின் தலைமையகத்தில் ரேடியோ தொடர்பு கிடையாது. கட்டளை மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் நிலவரம் மாறியிருக்கும். ஜெர்மன் தளபதி குடேரியன் முன்னணி டாங்குகளோடு ரேடியோவில் பேசிக்கொண்டே போனார். அவர் மணிக்கணக்கில் எடுத்த முடிவை இவர்கள் நாள்கணக்கில் எடுத்தார்கள். பிரிட்டன் அனுப்பிய படையும் அதே போர்க்களத்தில் அதே வேகத்தில்தான் பின்வாங்கியது, ஆனால் அவர்களுக்குப் பின்னால் கடல் இருந்தது. 1941-இல் சோவியத் படை முதல் சில வாரங்களில் ஸ்மோலென்ஸ்க் வரை பின்னால் போனது. ஜெர்மன் எல்லையிலிருந்து பாரிஸ் இருக்கும் தூரத்தைவிட அது அதிகம். அதற்குப் பின்னாலும் ரஷ்யர்களுக்கு நிலம் மிச்சமிருந்தது. பிரான்ஸுக்கு இடையில் நின்று காக்கும் கடலும் இல்லை, அவ்வளவு நிலமும் இல்லை.

இன்னொன்று, சுந்தரம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். 1940-இல் ஜெர்மனியில் எட்டு கோடிப் பேர், பிரான்ஸில் நாலு கோடி. போர்வயதுப் பையன்கள் பிரான்ஸில் குறைவு, ஏனென்றால் அவர்களைப் பெற்றிருக்க வேண்டியவர்கள் 1914-க்கும் 1918-க்கும் இடையே பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் இருபது வயதை எட்ட வேண்டிய தலைமுறை மெலிந்து போயிருந்தது. அதனால்தான் 1935-இல் கட்டாய ராணுவ சேவையை இரண்டு வருஷமாக நீட்டினார்கள். ஜெர்மன் எல்லையில் பிரான்ஸ் கட்டிய மாஜினோ கோட்டைவரிசையைக் கேலி செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. ஆள் இல்லாத நாடு கான்கிரீட்டைத்தான் நம்பும். அந்தக் கோட்டைகளில் பல, போர்நிறுத்தத்துக்குப் பிறகு மேலிடத்துக் கட்டளை வந்த பின்தான் கதவைத் திறந்தன.

1914 ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். ஒரே ஒரு நாள். வேறு எந்தப் படையாக இருந்தாலும் அதோடு கலைந்திருக்கும். இவர்கள் பின்வாங்கி, இரண்டு வாரத்துக்குள் மார்ன் ஆற்றங்கரையில் திரும்பி நின்று ஜெர்மானியர்களைப் பாரிஸிலிருந்து விரட்டினார்கள். 1916 பிப்ரவரி 21-இல் தொடங்கிய வெர்டன் சண்டை டிசம்பர் வரை நீண்டது. பிரெஞ்சு ராணுவத்தின் பெரும்பாலான டிவிஷன்கள் சுற்று முறையில் அந்தக் களத்துக்குள் போய் வந்தன. வெர்டனைச் சுற்றி ஒன்பது கிராமங்கள் மண்ணோடு மண்ணாயின. அவற்றில் ஆறு கிராமங்களில் இன்றுவரை ஒரு ஆள் கிடையாது, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் மேயர் நியமிக்கிறார்கள். பிரான்ஸுக்காகச் செத்த கிராமம் என்பது அவற்றின் அரசு அந்தஸ்து. போர் முடிந்தபோது கணக்கு: 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவச் சாவுகள், நாலு கோடிக்கும் குறைவான மக்கள்தொகையில். மேற்கு முனையில் நேச நாட்டுப் படைகளுக்கெல்லாம் 1918-இல் தலைமை தாங்கி ஜெயித்தவரும் பிரெஞ்சுக்காரரான ஃபோஷ்தான்.

நெப்போலியனைக் கழிக்கச் சொன்னாய். சரி, கழித்துவிடுவோம். 1806 அக்டோபர் 14 அன்று அவுவர்ஷ்டெட்டில் பிரஷ்யாவின் முக்கியப் படையைத் தோற்கடித்தது மார்ஷல் தாவூ. அவரிடம் இருந்தது எதிரியின் பாதியளவுகூட இல்லாத படை. நெப்போலியன் அப்போது பல கிலோமீட்டர் தள்ளி யேனாவில் இருந்தார். நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர்கள் கிரெஸியையும் அஜின்கோர்ட்டையும் பாடிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் அந்தப் போரை முடித்தது 1453-இல் காஸ்தியோனில் ழான் பியூரோவின் பீரங்கிகள். அதன்பின் பிரான்ஸில் இங்கிலாந்துக்கு மிஞ்சியது கலே மட்டுமே.

நம் பக்கத்துக் கதையும் உனக்குத் தெரிந்ததுதான். 1746-இல் அடையாற்றில் பாராதி என்ற பிரெஞ்சு அதிகாரி ஆயிரத்துக்கு உட்பட்ட பிரெஞ்சு வீரர்களையும் சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ஆற்காடு நவாபின் மகனுடைய பெரும்படையைச் சிதறடித்தார். வந்தவாசியில் 1760-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. 1782-83-இல் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன் சதுரங்கப்பட்டினம் முதல் கடலூர் வரை நம் கடலோரத்திலும் திருகோணமலையிலும் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸோடு ஐந்து முறை மோதி, ஒரு முறைகூட நசுங்காமல் நின்றதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. இங்கே அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. ஊர்க்காரர்களில் பலருக்கு அவர் யாரென்று தெரியாது.

அவர்கள் பக்கத்துக் குறைகளை மூடுவதற்காக நான் இதை எழுதவில்லை. 1870-இல் செடானில் மூன்றாம் நெப்போலியன் படையோடு சரணடைந்தது அவமானம்தான். வியட்நாமில் தோற்றுப்போன தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் படையை இறக்கியது தளபதிகளின் மதியீனம். ஆனால் பிரான்ஸ் வெட்கப்பட வேண்டியது போர்க்களத்துத் தோல்விகளுக்காக அல்ல என்பதே என் எண்ணம். 1942 ஜூலையில் பாரிஸில் யூதர்களை, குழந்தைகளையும் சேர்த்து, சுமார் 13,000 பேரைப் பிடித்துக் கொடுத்தது பிரெஞ்சுப் போலீஸ். அதற்கு வெட்கப்படட்டும். 1944-இல் இத்தாலியில் ஜெர்மானியர்களின் கஸ்தாவ் அரணை உடைக்க மலைகளைத் தாண்டியதில் பெரும்பங்கு மொராக்கோ, அல்ஜீரிய வீரர்களுடையது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே டாக்கர் அருகே தியாரோயேவில், பாக்கிச் சம்பளம் கேட்ட ஆப்பிரிக்க வீரர்களைச் சுட்டுக் கொன்றது அதே பிரெஞ்சு ராணுவம். கேலிப் பட்டியலில் இது ஏன் இல்லை? பட்டியல் போடுகிறவர்களுக்கு இந்த மனிதர்கள் கண்ணிலேயே படவில்லை.

இங்கே கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, முதல் உலகப்போரில் செத்தவர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறதே, நீ வந்தபோது அதன் முன்னால் நின்று கடலை மட்டும் படம் எடுத்தாய். அடுத்த முறை அதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததற்காக சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் அல்ஜீரியாவில் இருந்தவர். தோல்வியைப் பற்றியும் பேசுவார், அங்கே தான் பார்த்த கொடுமையைப் பற்றியும் பேசுவார். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இந்தக் கடிதத்தைப் பேரனுக்கும் படித்துக் காட்டு. அவனுக்கு மறுப்பு இருந்தால் அவன் கையாலேயே எழுதட்டும், பதில் போடுகிறேன். 1940-இல் அரசு வட ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் போரைத் தொடர்ந்திருக்க முடியுமா என்பதைப் பற்றி உன் கருத்தும் எனக்கு வேண்டும். பெத்தேனுக்கு முன் பிரதமராக இருந்த ரெய்னோவுக்கு அந்த எண்ணம் இருந்தது. முடிந்திருக்கும் என்பது என் கட்சி. கப்பற்படை முழுசாகக் கையில் இருந்தது என்பதை மறந்துவிடாமல் பதில் எழுது.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். ஐப்பசி மழைக்கு முன்னால் இருவரும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் பஸ் பயணத்துக்கு அனுமதி கேட்டுவிட்டுத் தேதியைச் சொல்.

அன்புடன்,
உன் ராமலிங்கம்