பொதிகையில் எரிவது எங்கள் குழாய்க்கு வருகிறது

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகக் கள இயக்குநர், குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

மாசி, பங்குனியில் அம்பாசமுத்திரத்து மொட்டைமாடியில் நின்றால் சில ராத்திரி மலைச்சரிவில் தீ வரிசையாக ஊர்ந்துபோவது தெரியும். மறுநாள் எத்தனை ஏக்கர் எரிந்தது என்று செய்தி வரும். அதே சரிவிலிருந்து எங்கள் குழாய்க்கு இறங்கப்போகும் தண்ணீரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

எரிந்த மண்ணில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பல இடங்களில் மண் குடிக்காது. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டோடும். சருகில் இருக்கும் மெழுகு சூட்டில் ஆவியாகி, மண்ணுக்குள் இறங்கிப் படிந்துவிடுவதுதான் காரணம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், ஊறிக் கசிய வேண்டிய தண்ணீர் சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு அணைக்குப் பாயும். பாபநாசம் அணை 143 அடி என்கிறோமே, அதில் வண்டல் எத்தனை அடி என்றும் சேர்த்துச் சொன்னால்தானே கணக்கு நேர்! சாம்பலோடு வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் தேங்கிய நீரில் பாசியை வளர்க்கும். தண்ணீரில் கலங்கல் ஏறினால் குளோரின் போட்டும் கிருமி சரியாகச் சாகாது. ஆற்று மணலில் உறைகிணறு இறக்கித் தண்ணீர் எடுக்கும் இடங்களில் நுண்வண்டல் மணலை அடைத்துக்கொள்ளும்.

எல்லாத் தீயும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். புல்மேடு நல்ல மழை கண்டால் தளிர்த்துவிடும். ஆனால் சோலைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லிசு; தீ தாங்காது. அவை போன இடத்தில் உன்னிச்செடி புகுந்தால் அடுத்த கோடைத் தீக்கு அதுவே விறகு.

ஆகவே தீ தாண்டாமலிருக்கச் செடிகொடி அகற்றிவைக்கும் தீத்தடுப்புக் கோடுகளைத் தை மாதத்திலேயே துப்புரவாக்குங்கள். தீக்காவலுக்கு இந்த மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களை அமர்த்தி, மாதாமாதம் சம்பளம் கொடுங்கள். அந்த மலையின் சரிவும் காற்றும் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? எரிந்த செங்குத்துச் சரிவுகளில், மழைக்கு முன்பே விழுந்த மரங்களைக் குறுக்கே கிடத்தினால் மண் கொஞ்சமாவது நிற்கும்.

விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மழையளவும் அணை இருப்பும் சொல்கிறீர்கள். மே மாதக் கூட்டத்தில், எந்த ஓடைக்கு மேலே எவ்வளவு எரிந்தது என்ற வரைபடத்தையும் வையுங்கள். அந்த ஓடைகளில் முதல் வெள்ளம் வரும் வாரம் முழுக்கக் கலங்கலைத் தினமும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போடுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் அம்பாசமுத்திரத்துக்காரன்