பாதத்தைப் பார்க்கும்போது கறுப்பையும் பாருங்கள்

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்கும் 'பாதம் பாதுகாப்போம்' ஆகிய திட்டங்களில் பணிபுரியும் தன்னார்வலர்களுக்கும், செவிலியர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும்

வணக்கம்.

சர்க்கரை நோயாளியின் காலைக் கையில் ஏந்தி விரலிடுக்கு, குதிகால், உணர்ச்சி என்று நீங்கள் பார்ப்பது, அவரே பார்த்திராத இடம். அதே காலில் கறுப்புப் புள்ளி உண்டா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறக்கும் மெலனோமா புற்றுநோய் நம்மிடையே அரிது. ஆனால் கறுத்த தோலில் வரும்போது அது அதிகமாக வெயிலே படாத இடத்தில்தான் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. பந்தாட்டக் காயம் என்று முதலில் நினைக்கப்பட்டது, 1977இல் புற்றுநோய் என்று தெரிந்தது, 1981இல் 36 வயதில் இறந்தார். இந்த வகையை சன்ஸ்கிரீன் தடுக்காது. மேல்தோலுக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் சுற்றிலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டியெடுப்பதே பெரும்பாலும் போதும். தாமதித்தால் அது பரவித் தொடையிடுக்கில் நெறி கட்டலாம்.

காலைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலையும் விரித்துப் பாருங்கள். புள்ளி இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கைபேசியில் படமெடுங்கள். "எப்போதிலிருந்து? பெரிதானதா?" என்று கேளுங்கள். இரு பாதியும் பொருந்தாமை, கிழிந்தாற்போன்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாற்றம் ஆகியவை அபாயக் குறிகள். இவற்றில் மாற்றம்தான் முக்கியம். சிறிய புள்ளியானாலும் வளர்ந்தால் அனுப்புங்கள். அதேசமயம் இரண்டு பாதங்களிலும் பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் பழுப்புத் திட்டுகள் நம் மக்களுக்குச் சாதாரணம். மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை ஒருநாளும் புற்றாவதில்லை. யாரையும் பயமுறுத்திவிடாதீர்கள்.

நகத்திலும் அப்படியே. பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கவலை குறைவு. ஒரே நகத்தில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, 3 மில்லிமீட்டருக்குக் குறையாத பட்டை, நுனியைவிட அடியில் அகலம், நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு வழிந்திருத்தல், இவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே அனுப்ப வேண்டும். அடிபட்ட ரத்தக்கட்டா என்ற சந்தேகம் வந்தால் நகம் முளைக்கும் பக்கத்தில் கறுப்பின் விளிம்பைப் படமெடுத்து வையுங்கள். கால் பெருவிரல் நகம் மாதம் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். இரண்டு மாதத்தில் அடியில் புது நகம் வெளுப்பாகத் தெரியவில்லையென்றால் ரத்தக்கட்டு என்று விட்டுவிடாமல் அனுப்புங்கள்.

அதிகம் தவறுவது 'சுகர் புண்' என்ற முடிவில்தான். நரம்பு மரத்த காலின் புண் பெரும்பாலும் அழுத்தம் விழும் இடத்தில், காய்ப்பு சூழ வரும். அழுத்தத்தைக் குறைத்து, ஒழுங்காகக் கட்டுப் போட்டு, சர்க்கரையும் அடங்கிய பிறகும் இரண்டு மாதமாக ஆறாத புண்ணுக்கு பயாப்ஸி (சிறிது சதை எடுத்துச் சோதிப்பது) தேவை. ஓரத்தில் துளி கறுப்பு, தொட்டாலே ரத்தம் கசியும் செஞ்சதை இருந்தால் அத்தனை நாள் காத்திருக்கவே கூடாது. சில மெலனோமாக்களில் கறுப்பே இருக்காது. கால் ஆணி என்று கார்ன் கேப் ஒட்டி, நகப் பூஞ்சை என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துப் போன காலமும் மீளாது.

மச்சத்தில் சுண்ணாம்பும் சோடாவும் வைத்துப் பொசுக்குவதையும், பார்லரில் லேசரால் எரிப்பதையும் தடுத்துச் சொல்லுங்கள். எரித்த சதையைப் பரிசோதிக்க முடியாது. கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதுதான் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. அந்த அளவே போய்விடும். தழும்பில் மறுபடி முளைக்கும் கறுப்பு, நுண்ணோக்கியில் பார்ப்பவரையும் குழப்பும்.

மருத்துவர்களுக்கு: சிறியதானால் 1 முதல் 3 மில்லிமீட்டர் விளிம்போடு முழுதாக எடுங்கள், மேலாகச் சீவாதீர்கள். பெரியதானால் மிகத் தடித்த இடத்திலிருந்து முழு ஆழத்துக்கு எடுங்கள். திசுவைப்போல் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் போட்டு, இடத்தைக் குறித்து அனுப்புங்கள். வெட்டிய நகத்துண்டை மட்டும் வைத்துப் புற்று இல்லை என்று சொல்ல முடியாது. நகம் முளைக்கும் வேர்ப்பகுதித் திசு வேண்டும். "சதை எடுத்தால் பரவிவிடும்" என்று நோயாளி தயங்கினால், அதற்கு ஆதாரமில்லை என்பதைப் பொறுமையாக விளக்குங்கள்.

திட்டத்தை நடத்தும் அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறோம். பாதப் பரிசோதனைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்: 'கறுப்புப் புள்ளி / நகக் கோடு: இல்லை – உண்டு, அளவு ___ மி.மீ., படம் எடுக்கப்பட்டது.' 'உண்டு' என்று குறிக்கப்பட்டவருக்கு அபாயக் குறி ஒன்றேனும் இருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் சீட்டு அன்றே போகட்டும்.

இப்படிக்கு,
தோல் மருத்துவத் துறையில் பணிபுரிவோர்