வெறும் வயிற்றில் சுகர் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளுக்காக நீங்கள் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பார்த்தேன். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்குக் கொய்யா, மாலையில் ஒரு பிடி பாதாம். எங்கள் கண்ணகி நகரில் இது எத்தனை வீட்டுக்குக் கட்டுப்படியாகும்?

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊருக்குள் மூன்று வீடுகளில் வேலை. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மாத்திரையை டீயோடு விழுங்கிவிட்டு ஓடுவார். சாப்பாடு பதினொரு மணிக்கு மேல்தான், அதுவும் வேலை செய்யும் வீட்டில் கொடுத்தால். போன மாதம் பஸ்ஸிலேயே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, மயங்கிவிட்டார். அவர் சாப்பிடுவது கிளைமிபிரைடு என்ற சுகர் மாத்திரை. வயிறு காலியாக இருந்தாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும், சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். (மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு.) இதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அப்புறம் என்ன, சாப்பாடு நிச்சயமில்லாத நாளில் மாத்திரையையே விட ஆரம்பித்தார். அடுத்த பரிசோதனையில் சுகர் முந்நூறைத் தாண்டியது. "வாயைக் கட்டுங்க" என்று ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

வாயைக் கட்டுவதற்கு அவர் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? ரேஷனில் அரிசி இலவசம், பருப்பு ஒரு கிலோ. மாதக் கடைசியில் சோறும் ரசமும்தான். செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணை என்றால் திங்கள் இரவு தூக்கம் கிடையாது. கவலையில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் கல்லீரலில் இருந்து சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடும், சாப்பிடாமலே சுகர் ஏறும். "டென்ஷன் ஆகாதீங்க" என்கிறார்கள். சரி, தவணையை யார் கட்டுவது?

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பெரிய உதவி, மறுக்கவில்லை. வருகிறவர்கள் "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்றும் கேட்டு எழுதிக்கொண்டால், டாக்டர் மாத்திரையையோ நேரத்தையோ மாற்றித் தரலாமே. நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் 2023-இல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்களுக்கும் கொடுக்கலாம். ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான், களியை அளவில்லாமல் தின்றால் சுகர் ஏறத்தான் செய்யும். என்னைக் கேட்டால் பருப்பை இரண்டு கிலோவாக்குவதே முதல் வேலை.

நீங்களும் அடுத்த முறை ரேஷன் அரிசியையும் அந்தப் பருப்பையும் வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்ணகி நகர், சென்னை