ஏழு, எட்டு, ஒன்பதுக்கு நேராக ஒரு கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் 31 ஆண்டுகளாகப் பிரேம் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் போட்டோ, பட்டமளிப்புப் படம், முருகன் படம், காலமான பெரியவர்களின் படம் என்று எது வந்தாலும் சட்டம் போட்டுக் கொடுப்பேன். பெயர்ப்பலகையில் 'சட்டம்' என்று பார்த்துவிட்டு, நிலப் பத்திரத்தோடு ஒருவர் வந்து உட்கார்ந்ததும் உண்டு. அது வேறு கதை.

சில ஆண்டுகளாகத் தீவில் உள்ள ஒரு தனியார் பள்ளி, ஆண்டிறுதிக் கண்காட்சிக்குப் பிள்ளைகளின் ஓவியங்களை என்னிடம்தான் அனுப்புகிறது. என் மகள் வயிற்றுப் பேத்தி அங்கே எட்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் அவர்களுக்குக் கடைக்காரனா, அவர்கள் எனக்குக் கடைக்காரர்களா என்று சில மாதங்களில் குழம்பிப் போகும். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அந்த ஒரு பள்ளியின் கதை மட்டும்தான் இது என்றும் நான் நினைக்கவில்லை.

சென்ற ஆண்டு அவர்கள் கொடுத்த ஆர்டர் தாள் இன்னும் என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. முதலாம் ஆண்டு 20 சட்டம், இரண்டாம் ஆண்டு 22, மூன்றும் நான்கும் 18, 18. ஐந்தாம் ஆண்டு 24. ஆறாம் ஆண்டு 10. ஏழு, எட்டு, ஒன்பதுக்கு நேராக எண்ணே இல்லை, பேனாவால் ஒரு சின்னக் கோடு. பத்துக்கும் பதினொன்றுக்கும் சேர்த்து 3. எழுத மறந்திருப்பார்கள் என்று அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "இல்ல அங்கிள், அந்த மூணு வகுப்புக்கும் ஆர்ட் கிடையாது" என்றது அந்தப் பிள்ளை. பேத்தி அப்போது ஏழாம் ஆண்டு. எனக்கே தெரியாது. வீட்டில் கேட்டால், "ஆமா தாத்தா, அந்தப் பீரியட் இப்ப மேத்ஸ்" என்று சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் சொல்கிறாள்.

வெட்டி ஒட்டுவதற்கு முன் படங்களையெல்லாம் ஆண்டு வாரியாக நீள மேசையில் பரப்பிவிடுவேன். இப்படிப் பார்ப்பது பெற்றோருக்கு வாய்க்காது. அவரவர் பிள்ளையின் படத்துக்கு முன்னால் நின்று போனில் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். முதலாம் ஆண்டில் இருபதும் இருபது விதம். ஒன்றில் வீட்டைவிட அம்மா உயரம். இன்னொன்றில் நீலப் பூனை, அதற்கு ஐந்து கால், ஐந்தாவது வாலாகவும் இருக்கலாம். ஐந்தாம் ஆண்டுக்கு வந்தால் 24 படத்திலும் ஒரே சைக்கிள். இங்கே ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் ஓவியர் எர்னஸ்ட் ஸகரெவிச் 2012-ல் சுவரில் வரைந்த இரண்டு பிள்ளைகள், முன்னால் பதித்த நிஜ சைக்கிள், சுற்றுப்பயணிகள் வரிசை பிடித்து நிற்பார்களே, அதேதான். ஜெராக்ஸ் எடுத்த கோடு, வண்ணம் மட்டும் பிள்ளைகளுடையது. ஒரே ஒரு பையன் சுவரைச் சின்னதாக்கிவிட்டு, போட்டோவுக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் பெரிதாகப் போட்டிருந்தான். கண்காட்சியன்று போய்ப் பார்த்தேன். அவன் படம் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது.

இதைவிட என்னை உறுத்தியது இரண்டாம் ஆண்டுப் படம் ஒன்று. ஏ3 தாள், தைப்பூச வெள்ளி ரதம். கறுப்பு மார்க்கரில் கோடுகள் நூல் பிடித்தாற்போல் நேராக, மேலே கலசம், நடுவில் மயிலும் வேலும், காலண்டரில் வருவதுபோல. ஏழு வயதுக் கை அப்படிக் கோடு இழுக்காது. மடிப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தாளை விளக்குக்கு நேரே பிடிப்பது என் வழக்கம். அப்படிப் பிடித்தபோது போஸ்டர் கலருக்கு அடியில் பென்சில் தெரிந்தது. கீழே பெரிதாக ஓர் உச்சந்தலை, நடுவில் சுழி. அதற்கு அப்பால் குடை, குடை, இன்னொரு குடை. ஒரு காளையின் வால். ரதச் சக்கரத்தில் பாதி. ஓரத்தில் குவியலாக வட்டங்கள், உடைக்க அடுக்கிய தேங்காய்கள். அப்பா தோளில் உட்கார்ந்து, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் ரதத்தைப் பார்த்த பிள்ளை, பார்த்ததைப் பார்த்தபடியே போட்டிருக்கிறாள். அதன் மேல்தான் யாரோ காலண்டரை ஏற்றியிருக்கிறார்கள். இத்தனை தைப்பூசம் பார்த்த எனக்கு மார்க்கர் கோட்டில் ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்ததும் சாலையில் ஓடும் தேங்காய்த் தண்ணீர் காலில் பட்டதுபோல் இருந்தது.

படங்களை எடுக்க வந்த ஓவிய டீச்சரிடம் கேட்டேன். சின்னப் பெண். முதலில் கோபப்பட்டார், பிறகு உட்கார்ந்துவிட்டார். "என்ன செய்யறது அங்கிள், டத்தோ, பெரிய மனுஷர், வந்து திறந்து வைக்கிறார், நீட்டா இருக்கணும்னு மேலேருந்து சொல்றாங்க. பேரண்ட்ஸும் என் பிள்ளை படம் ஏன் இப்படி இருக்குன்னு கேக்கறாங்க." பள்ளி முழுவதற்கும் இவர் ஒருவர்தான். தீபாவளி மேடை, சீனப் பெருநாள் மேடை, ஆசிரியர் தினப் பதாகை எல்லாம் இவர் தலையில். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கொஞ்சம் டச் அப் பண்ணிக் குடுங்க" என்று என் கடைக்கு வரும் பெற்றோர் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு முறை நானும் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஏழு முதல் ஒன்பது வரை ஏன் இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். ஒன்பதாம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் செக்பாயிண்ட் தேர்வு வருகிறதாம், ஆங்கிலம், கணிதம், அறிவியலுக்கு நேரம் வேண்டுமாம். சரி. அதே கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் அந்த மூன்று ஆண்டுகளுக்கும் ஓவியம் இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் பள்ளியின் விருப்பம். பேத்தியை உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் தேடிப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். அரசாங்க இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் காட்சிக்கலைப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறான். அங்கே முதல் மூன்று வகுப்புகளான படிவம் 1, 2, 3 மூன்றுக்கும் தனித்தனியாக அந்தப் புத்தகம் உண்டு. மாதம் நான்கு இலக்கத்தில் கட்டணம் வாங்கும் பள்ளியில் கோடுதான் இருக்கிறது.

பத்தாம் ஆண்டில் திடீரென்று கதவு திறக்கிறது. பதினொன்றாம் ஆண்டு முடிவில் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ.-யில் ஓவியம் எடுக்கலாம். எடுத்தால், பள்ளியிலேயே செய்து சேர்க்கும் கோர்ஸ்வொர்க் ஒன்று, அதற்கு மேல் கொடுத்த தலைப்புக்கு மொத்தம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வரையும் தேர்வு. மூன்று வருடம் பிரஷ் தொடாத கை எட்டு மணி நேரம் என்ன செய்யும்? ஆர்டர் தாளில் பத்துக்கும் பதினொன்றுக்கும் இருந்த அந்த மூன்று பேரின் பெற்றோரும் வெளியில் டியூஷனுக்குக் காசு கட்டுகிறார்கள். சட்டம் எடுக்க வந்தபோது அவர்களே சொன்னார்கள்.

பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில்தான் 'நான் போட்டது அது மாதிரி இல்லையே' என்று உறைக்கிறது. ஆறு வயதில் நீலப் பூனை போட்டவனுக்கு அந்தக் கவலை கிடையாது. உறைக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் நின்று, தூரத்தில் உள்ளது ஏன் சிறுக்கிறது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று காட்டினால் பிள்ளை அந்த மேட்டைத் தாண்டிவிடும். இல்லாவிட்டால் 'எனக்கு வரைய வராது' என்று அன்றைக்கே மூடி வைத்துவிடும். கடைக்கு வரும் ஐம்பது வயதுக்காரர்கள்கூட இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். என் பேத்தி கணக்குப் புத்தக ஓரத்தில் ஆட்களை வரைகிறாள். விரல் வரைய வராததால் எல்லாரும் பாக்கெட்டில் கை விட்டபடியே நிற்கிறார்கள். முகம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. யார் அவளுக்குக் கையைச் சொல்லிக் கொடுப்பது? எனக்குத் தெரிந்தது 45 பாகையில் மரம் அறுக்க மட்டும்.

இன்னொன்று. அந்த வயதில்தான் பிள்ளைகள் கையில் கத்தியையும் சூட்டையும் நம்பிக் கொடுக்க முடியும். களிமண், ஒட்டுத்தாள் எல்லாம் முதலாம் ஆண்டிலேயே செய்யலாம். மெழுகால் துணியில் வரையும் பாத்தேக் அப்படி முடியாது. மெழுகை உருக்கி, சாந்திங் என்னும் மெழுகுப் பேனா முனையில் எடுத்து, சொட்டு விழாமல் துணியில் கோடு இழுக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அதனால் வெள்ளை எங்கே, மஞ்சள் எங்கே, கடைசியில் கறுநீலம் எங்கே என்று முன்கூட்டியே மனத்தில் போட்டு வைக்க வேண்டும். பிறகு வெந்நீரில் மெழுகைக் கழற்ற வேண்டும். கணக்குப் பீரியடில் சொல்லிக் கொடுக்கும் நிதானம் இதிலும் இருக்கிறது. பாத்தேக்கைச் சுவரில் மாட்டும் ஓவியமாக உலகம் பார்க்க வைத்த சுவா தியான் தெங் நம் பினாங்கில் இருந்தவர், 2008-ல்தான் காலமானார். இராமநாதபுரத்து அழகன்குளத்தில் 1943-ல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து இராமாயணத்தைத் தீட்டினார் சையத் தாஜுதீன். இரண்டு பெயரையும் பேத்தியிடம் சொன்னேன். "யார் தாத்தா அவங்க?" என்றாள். எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இந்த ஊரில் ஓவியர் என்றால் சைக்கிள்காரர் ஒருவர்தான்.

இசையும் ஏறக்குறைய இப்படித்தான். நான்காம் ஆண்டோடு ரெக்கார்டர் குழல் அலமாரிக்குப் போய்விடுகிறது.

'ஆர்வம் இருந்தால் வெளியில் கற்றுக்கொள்ளட்டும்' என்கிறார்கள். பரதம், மிருதங்கம் என்றால் பேபிங்டன் அவென்யூவில் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது, நல்ல இடம். ஆனால் என் மகள் தாதி, ஷிஃப்ட் வேலை. மருமகன் மாலையில் பாலம் தாண்டி வருவதற்குள் இருட்டிவிடும். நான்தான் மோட்டாரில் ஏற்றிப் போக வேண்டும், வயது 66. தனியார் பள்ளியில் படிக்க வைப்பவர்கள் எல்லாம் பங்களாக்காரர்கள் இல்லை, ஐயா. புதுக் கார் வேண்டாம், அந்தக் காசைப் பள்ளிக்குக் கட்டுவோம் என்று நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய.

அந்தப் பள்ளி நிர்வாகத்தில் உங்கள் நாளிதழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் போதும், ஒன்பதாம் ஆண்டு வரை நிறுத்தாமல் கொடுங்கள். மார்க்கரை டீச்சர் மேசைக்குள் பூட்டி வையுங்கள். டத்தோவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஆண்டுக் கண்காட்சி நவம்பரில். மரமும் மவுண்ட் போர்டும் இப்போதே சொல்லி வைத்தால்தான் விலை கட்டுப்படியாகும். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு எத்தனை சட்டம் என்று மட்டும் அலுவலகத்திலிருந்து ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிரேம் கடைத் தாத்தா,
டத்தோ கெராமாட் சாலை, பினாங்கு.