போன ஆண்டு கொடுத்த இன்குபேட்டர் இப்போது ஓடுகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வசதி குறைந்த பகுதிகளில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு நன்கொடையாளர்கள் கருவிகள் வாங்கிக் கொடுத்ததைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 22 வருடமாக மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். படத்தில் இருந்த புது இன்குபேட்டரை, குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் அந்தப் பெட்டியை, பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, கூடவே வயிற்றைப் பிசைந்தது. கொடுக்க மனம் உள்ளவர்கள் காதில் இதைப் போட்டு வைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கருவி ஒன்றைச் சரி செய்யப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது செவிலியர் ஒருவர் தயங்கித் தயங்கி ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார். உள்ளே மூன்று இன்குபேட்டர்கள். மூன்றும் நன்கொடையாக வந்தவை. ஒன்றுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, அந்த ஊர் மின்சாரத்துக்கு அது ஒத்து வராத மாடல். இன்னொன்றில் போர்டு கருகியிருந்தது. மூன்றாவதில் குழந்தையின் தோலில் ஒட்டும் வெப்ப உணரி, நாங்கள் ப்ரோப் என்போம், அறுந்திருந்தது. அது ஒரு சின்ன ஒயர். அது இல்லாமல் குழந்தையின் உடல் சூடு கருவிக்குத் தெரியாது. மாற்று ப்ரோப் வாங்க ஆஸ்பத்திரியில் பணம் இல்லை. கருவி வாங்கக் கொடுத்தவர்களுக்கு உதிரி பாகம் என்ற நினைப்பே வந்திருக்காது. பக்கத்து அறையில், குழந்தையைச் சூடாக வைக்கும் ஒரே வார்மரில் இரண்டு குறைமாதக் குழந்தைகள் படுத்திருந்தன.

இது ஏதோ ஒரு இடத்துக் கதை இல்லை. 16 வளரும் நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் கணக்கைப் பார்த்து 2011-இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 40 சதவீதக் கருவிகள் ஓடாமல் நிற்பதாகச் சொன்னது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண் ஆச்சரியம் தரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தார்கள். 2022-இல் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் 23 லட்சம். இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடிய மரணங்கள். தடுக்கத் தேவைப்படுவதில் பல, திறப்பு விழா நடத்தி ரிப்பன் வெட்ட முடியாத சின்னச் சாமான்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்கப் போடும் ஆக்சிடாசின் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் நின்று போனால் மருந்தின் வீரியம் நாளாக நாளாகக் குறையும். ஆனால் குப்பியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாய்க்கு ரத்தம் நிற்காதபோதுதான் தெரியும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர், கரண்ட் போனால் ஓட ஒரு சோலார் இணைப்பு: இதற்கு யாராவது நன்கொடை கேட்டிருக்கிறார்களா, கொடுத்திருக்கிறார்களா? வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்தும் இப்போது இருக்கிறது. 10 நாடுகளில் ஏறக்குறைய 30 ஆயிரம் பெண்களிடம் சோதித்து, உதிரப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடாசினுக்கு அது குறைந்ததில்லை என்று 2018-இல் காட்டினார்கள். ஃப்ரிட்ஜ் நிலைக்காத இடங்களில் அதை வாங்கிக் கொடுக்கலாம்.

கருவியை நம்பிப் பிழைக்கும் நான் இதையும் சொல்லியாக வேண்டும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்த மருத்துவர்கள், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். கங்காரு பராமரிப்பு என்று இன்று உலகம் முழுக்கச் செய்வது அதுதான். பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால், குழந்தையின் உடல்நிலை சீரான பிறகு தொடங்குவதைவிட இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் காட்டியது. இதற்கு வேண்டியது குழந்தை வார்டுக்குள்ளேயே தாய் சாய்ந்து படுக்க ஒரு கட்டில், கட்டிக்கொள்ள ஒரு துணி, பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஒரு செவிலியர். ஆறு கட்டில் வாங்கிக் கொடுப்பவரை, இன்குபேட்டர் கொடுப்பவரைவிட ஒரு படி மேலாகவே நான் நினைக்கிறேன்.

அந்தச் செவிலியர்தான் பெரிய குறை. உலகத்தில் 9 லட்சம் மகப்பேறு செவிலியர்கள் பற்றாக்குறை என்று 2021-இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் அறிக்கை சொன்னது. மூச்சு விடாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் அம்பு பேக் என்ற காற்றுப்பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுக்க வேண்டும். அந்தப் பை எளிமையான பொருள்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் சரியாக அழுத்தத் தெரிந்த கை அங்கே இருக்க வேண்டுமே! சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் கொடுக்கப் பலருக்கு மனம் வருவதில்லை, கொடுத்தது கண்ணுக்குத் தெரியாதாம். அவர்களைக் குறை சொல்லவில்லை. யாராவது எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்றே நம்புகிறேன்.

கொடுக்கப் போகிறவர்கள் முதலில் டியூட்டியில் இருக்கும் செவிலியரிடம் "போன மாதம் எது தீர்ந்து போய்த் தவித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கருவிதான் வேண்டும் என்றால், அங்குள்ள மின்சாரத்துக்கு ஒத்து வருமா என்று பார்த்து, இரண்டு வருட உதிரி பாகத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்தே பணம் கொடுங்கள். மொத்தமாக ஒரு தொகையைவிட மாதாமாதம் வரும் சிறு தொகை அங்கே அதிகம் உதவும். செவிலியர் சம்பளமும் மருந்துச் செலவும் மாதாமாதம்தானே வருகின்றன.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தில் இருந்த இன்குபேட்டரை அடுத்த ஆண்டு இதே நேரத்தில் போய்ப் பார்த்து மறுபடி எழுதுங்கள். நின்று போயிருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். கூலி வேண்டாம், வந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவி பழுது பார்க்கும் வாசகர்